அட்டென்ஷன் சொல்ல ஒரு பெண்

அந்த ஜனவரியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. செஞ்சி மண்டியில் மல்லாட்டை மூட்டையைப் போட்டுவிட்டுச் சிங்கவரம் திரும்பிய நைனா, சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் சேதியைச் சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ரேடியோவில் கேட்டாராம்.

"டில்லில ஒரு பொம்பளையத்தான் பிரதம மந்திரியா ஆக்கிட்டாங்க."

வெள்ளைக்காரன் காலத்தில் சிறைக்குப் போனவர், கட்சிக்கே தலைவராக இருந்தவர், ஏற்கெனவே மந்திரி என்று நைனா அடுக்கிக்கொண்டே போனார். தானே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த மாதிரி ஒரு பெருமை. நான் பாதிதான் கேட்டேன். மீதி மனசு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டது.

குடியரசு தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியேற்றும்போது மொத்தப் பள்ளிக்கும் முன்னால் நின்று 'அட்டென்ஷன்' சொல்லும் வேலை என்றைக்கும் பையன்களுக்குத்தான். பெண்பிள்ளைகளுக்குக் கோலம் போடுவதும் விருந்தாளிகளுக்குச் சந்தனம் நீட்டுவதும். இரண்டு வருஷமாகச் சந்தனக் கிண்ணத்தோடு நின்று நின்று எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அந்த ஒரு சொல்லை நான் சொல்ல வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு ஆசை.

மறுநாள் டிரில் வாத்தியாரிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். பொம்பளைப் பிள்ளை குரல் பின்வரிசைக்கு எட்டாது என்றார். போன வருஷம் கட்டளை சொன்ன நெட்டைப் பையன் பக்கத்தில் நின்று, அவரைவிடப் பலமாகச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தம்மா டில்லில பேசறது செஞ்சி வரைக்கும் கேக்குது சார்."

அது ரேடியோ என்று முனகினார். ஆனாலும் மைதானத்தின் கோடியைக் காட்டி, அங்கே போய்ச் சொல்லிப் பார் என்றார். ஓடினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். என் குரல் ஊரை ஒட்டிய மலையில் மோதி எனக்கே திரும்பி வந்தது. பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே விறைத்து நின்றார்கள். வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சரி, நீயே சொல்லு."

குடியரசு தினத்தன்று, வெளுத்து இஸ்திரிப் பெட்டி போட்ட தாவணியில் முன்னால் நின்றேன். கேட்டுக்குப் பக்கத்தில் நைனா, சைக்கிளைப் பிடித்தபடி. நான் சொன்னதும் அத்தனை குதிகாலும் ஒரே சத்தமாகச் சேர்ந்தன. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொடி ஏறியது, பாட்டு முடிந்தது. அடுத்து 'ஸ்டேண்ட் அட் ஈஸ்' சொல்ல வேண்டும். சந்தோஷத்தில் அது சுத்தமாக மறந்துபோயிற்று.

யாரும் அசையவில்லை. தலைமையாசிரியர், விருந்தாளிகள், டிரில் வாத்தியார், எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். வாத்தியார் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். முதல் வரிசையில் நெட்டையன் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவன் கை எழும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொன்னால்தான் அவன் அந்த ஈயை விரட்ட முடியும்.

அதற்குள் எனக்குச் சொல் ஞாபகம் வந்துவிட்டது. ஈ அவன் மூக்கைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேரும் வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் சொன்னேன்.