தைக்க மாட்டேன் என்கிற டாக்டர்

"எதுல கிழிச்சது?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலைக் காதில் வாங்காமலே காயத்தின் மேல் குனிந்துவிடுவார் அவசரப் பிரிவு டாக்டரம்மா. வருகிறவர்கள் சொல்வதில் பாதி பொய், மீதி மழுப்பல் என்பது அவருடைய அனுபவம். சமையல் கத்தி என்பார்கள். காயத்தின் ஓரம் கண்டபடி பிய்ந்திருக்கும். இப்போதுதான் பட்டது என்பார்கள். உள்ளே சீழ் கட்டத் தொடங்கியிருக்கும். "உங்க வாயைக் கேட்டா வேலைக்கு ஆகாது, புண்ணையே கேட்டுக்கறேன்" என்று முணுமுணுத்தபடி கையுறையை இழுத்து மாட்டுவார்.

ஐம்பதை நெருங்கும் வயது. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. வார்டில் அவருக்கு 'சிடுசிடு' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். "ஒருநாள் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து பாருங்க, அப்புறம் சிரிச்ச முகமா இருக்கறது எப்படின்னு எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்பார் நர்ஸ்களிடம்.

சிடுசிடுக்காமல் என்ன செய்வார், பாவம்? எல்லோருக்கும் எத்தனை தையல் என்பதுதான் கணக்கு. போன மாதம் ஒரு பெண்ணின் கன்னக் கிழிசலை, தோலுக்கு அடியிலேயே ஒற்றை நூலை ஓட்டி, வெளியே ஒரு முடிச்சுகூடத் தெரியாமல் மூடினார். கழுத்து பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து செய்த வேலை. பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, தையலே காணோம்? நல்லா அழுத்தமா ஏழெட்டு போட்டிருக்கலாமே" என்றார். டாக்டருக்கு வந்ததே கோபம்! "இது என்ன கோணிப்பையா? உங்க பொண்ணு முகம்யா!"

நெற்றிக்கு மெல்லிய நூல். ஐந்தாறு நாளில் பிரித்துவிட வேண்டும், விட்டால் தழும்பு ஏணிப்படி மாதிரி நின்றுவிடும். முழங்கால் நடக்க நடக்க மடங்கி இழுபடுகிற இடம். அங்கே தடித்த நூல், அதுவும் இரண்டு வாரமாவது இருந்தாக வேண்டும். இதை அவர் ஒவ்வொருவரிடமும் படித்துப் படித்துச் சொல்வார். நெற்றிக்காரர் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். முழங்கால்காரர் மூன்றாம் நாளே நகவெட்டியால் தானே வெட்டிவிட்டு, வாய் பிளந்த காயத்தோடு வந்து நிற்பார். வயதானவர்களின் முன்கைத் தோலோ ஈரக் காகிதம். ஊசி குத்தினால் கிழிந்துகொண்டே போகும். அதற்குப் பிளாஸ்திரிப் பட்டைகளை ஒட்டினால், "இதை நாங்களே வீட்ல ஒட்டியிருப்போமே" என்று மகன்கள் முறைப்பார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். கையுறை போட்டிருந்தால் அதுவும் முடியாது.

அன்று மத்தியானம் சலூன்காரர் வந்தார். வலது கையில் துணிச்சுற்று. பக்கத்தில் மனைவி. பின்னால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவருடைய தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிறவர்கள்.

"எதுல பட்டது?"

"ஷட்டர் டாக்டர். இழுக்கும்போது தகரம் கிழிச்சிடுச்சு."

மோதிர விரல் முட்டியின் மேல் சின்னதாக ஒரு பிளவு. பார்த்தால் ஒன்றுமே இல்லை. "கையை இறுக்கி மூடுங்க" என்றார் டாக்டர். விரல்கள் மடங்கியதும் பிளவு முட்டியின் உச்சிக்கு நகர்ந்து வாயைத் திறந்தது. உள்ளே வெள்ளையாகத் தசைநார். அதிலும் ஒரு வெட்டு. டாக்டர் நிமிர்ந்தார்.

"தகரத்துக்கு எப்போ பல் முளைச்சுது?"

சலூன்காரர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். "ஷட்டர்தான் டாக்டர்."

"இதைத் தைக்க மாட்டேன்."

மனைவி பதறிவிட்டாள். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? திறந்து விட்டா சீழ் பிடிக்காதா?"

"மூடினாத்தான் பிடிக்கும். மனுஷன் வாயில இருக்கிற அசிங்கம் வேற எங்கயும் கிடையாது. அதை உள்ளே வெச்சுத் தைச்சா மூட்டு அழுகும். உங்க வீட்டுக்காரரை உண்மையைச் சொல்லச் சொல்லுங்க."

"பல்லா? யார் பல்லு? ஏங்க, யாரையாவது அடிச்சீங்களா?"

"நீ வேற! அதான் ஷட்டர்னு சொல்றேன்ல?" சலூன்காரர் எழுந்துவிட்டார். "தைக்கறதுன்னா தைங்க டாக்டர். இல்லேன்னா எதிர்த்த கிளினிக்ல அஞ்சு நிமிஷத்துல தைச்சு விடுவாங்க. எனக்குச் சாயங்காலம் கடை திறக்கணும்."

தைத்துத்தான் விடுவார்கள். கேட்டவர்க்குக் கேட்டபடி தைத்து அனுப்பும் இடம் அது. அங்கே தைத்துக்கொண்டு, வீங்கிப்போன கையோடு இங்கே திரும்பி வந்தவர்களை டாக்டர் பார்த்திருக்கிறார். எரிச்சலை விழுங்கிக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"கத்தரிக்கோலை எந்த விரல்ல மாட்டுவீங்க?"

சலூன்காரரின் கை தானாக உயர்ந்தது. கட்டை விரலும் மோதிர விரலும் காற்றில் வெட்டின.

"அந்த விரல்தான்யா இது! தைச்சா ரெண்டு நாள்ல மூட்டுக்குள்ள சீழ் கட்டும். அப்புறம் மடங்காது. விரலையே எடுக்கவும் வேண்டியிருக்கும். கடையைத் திறந்து வெச்சு என்ன பண்ணுவீங்க? கண்ணாடி துடைப்பீங்களா?"

சலூன்காரர் முகம் வெளுத்தது. ஆனாலும் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். என்ன மனுஷனோ! விரல் போனாலும் பரவாயில்லை, வீட்டில் குட்டு உடையக்கூடாது.

சுவரோரம் நின்ற தம்பி துண்டை இறக்கினான். மேலுதடு இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"என் பல்லுதான் டாக்டர். அவருக்கு விரல் போயிடக்கூடாது. என்ன செய்யணுமோ செய்யுங்க."

"பல்வலின்னு சொன்னியே தம்பி!" என்று அலறினாள் அண்ணி. பிறகு எல்லாம் வெளியே வந்தது. அண்ணனிடம் மட்டுமே உட்காருகிற பழைய வாடிக்கையாளர் ஒருவரைத் தம்பி கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டானாம். பேச்சு முற்றி, கை நீண்டுவிட்டதாம்.

"ஒரு மீசைக்காகவா இவ்வளவும்?"

"மீசை இல்ல அண்ணி, தாடி" என்றான் தம்பி, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்றார் டாக்டர். மறு நொடியே தம்பியிடம், "நீ மூடாதே, திற" என்றார்.

அண்ணனின் கையைப் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் பீய்ச்சிக் கழுவினார். காயத்தைத் திறந்தபடியே விட்டு, ஈரத் துணி வைத்து, விரல் அசையாமல் அட்டை கட்டினார். ஊசி போட்டார். கை அறுவை நிபுணருக்குப் போன் செய்து, மூட்டைத் திறந்து கழுவ ஏற்பாடும் செய்தார். அதற்குள் தம்பிக்கு ஊசி நூல் தயாராவதைப் பார்த்த அண்ணி, "அவருக்கு மாட்டேன்னீங்க, இவனுக்கு மட்டும் தைக்கறீங்க?" என்றாள்.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "உதட்டுல ரத்தம் நல்லா ஓடும்மா. கழுவிட்டுத் தைச்சாச் சேர்ந்துக்கும். கை முட்டி அப்படி இல்லை."

உதட்டின் சிவப்பும் தோலும் சந்திக்கிற கோட்டில், மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்பே, பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். ஊசி மருந்து ஏறினால் உதடு வீங்கிக் கோடு மறைந்துவிடும். முதல் தையல் அந்தப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். "இழை தப்பினா ஆயுசுக்கும் வாய் கோணலாத்தான் தெரியும். அசையாதே" என்றார். தம்பி ஊசி நெருங்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினான். பிடிப்பதற்கு நர்ஸ் இல்லை. மண்டை உடைந்து வந்த ஒருவரோடு எக்ஸ்ரேவுக்குப் போயிருந்தாள். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சலூன்காரர் தலைமாட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையைத் தம்பியின் தாடைக்கு அடியில் கொடுத்து, சவரத்துக்குப் பிடிப்பதுபோல் முகத்தைச் சற்றே நிமிர்த்தினார். தலை அப்படியே நின்றது. தம்பி கண்ணை மூடினான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப்பக்கம் இறங்கியது. சலூன்காரர் பிடித்த கையை எடுத்து, கட்டை விரலால் அதை வழித்துத் துடைத்தார்.

டாக்டர் ஊசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.