கைமுடுக்கு

டியூப்லெஸ் சக்கரத்தின் வால்வு நட்டைக் குறடு தொடக் கூடாது. ஜோசியாவின் கடையில் அது சட்டம். விரலால் திருக வேண்டும்; விரல் போதும் என்று சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் கைமுடுக்கு.

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. அவருக்கு ரயில்வே வேலை கிடைக்கவில்லை. மாரெட்பள்ளியில் சைக்கிள் கடை போட்டார். கடையின் மறுபாதியில் மனைவி ஜெயசுந்தரியின் தையல் இயந்திரம். டியூப் இல்லாத சக்கரங்கள் வரத் தொடங்கியபோது, நெளிந்துபோன ஒரு ரிம்மை அறுத்து உள்ளே பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். டயரும் ரிம்மும் சேர்ந்துதான் காற்றைப் பிடித்து வைக்கின்றன. வால்வுக்காக ரிம்மில் போட்ட ஓட்டையை அதன் அடியிலுள்ள ரப்பர் மூட வேண்டும். நட்டை அதிகம் முடுக்கினால் ரப்பர் பிதுங்கி அதுவே காற்றுக்கு வழிவிடும். வழியில் காற்று போனால் வெறுங்கையால் வால்வைக் கழற்றி, டியூப் போட்டு வீடு திரும்பவும் முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலை ஹம்ஸினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வீடு தார்நாகாவில். ஞாயிறுதோறும் நெடுந்தூரம் தனியாக ஓட்டுகிறவள். அந்தச் சக்கரத்தை ஜோசியா சரிசெய்து கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“அங்கிள், நேத்து பீபிநகர் தாண்டி காத்து போயிருச்சு.”

“நடு ரோட்டுலயா?”

“ஹவ் அங்கிள், நடு ரோட்டுலதான். ஸ்பேர் டியூப் இருந்துச்சு. ஆனா நட்டு கழலவே மாட்டேங்குது. லாரி எல்லாம் உரசிட்டுப் போகுது, நான் தள்ளிட்டே வர்றேன். இருட்டிருச்சு அங்கிள்.”

“ஒத்தையிலயா வந்த?” என்று இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஜெயசுந்தரி கேட்டாள்.

ஜோசியா கொஞ்சம் காற்றடித்து, வால்வின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவினார். நுரை கொப்பளித்தது. நட்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். நட்டின் விளிம்பில் பல் பதிந்த தடங்கள் மின்னின.

“யாரோ ப்ளையர் போட்டிருக்கான்” என்றார்.

“வேற எங்கயும் குடுக்கலையே அங்கிள்.”

அவருக்குப் போன வாரம் அந்த நட்டை முடுக்கியது நினைவுக்கு வந்தது. எவ்வளவு திருகியும் விரல் ஒன்றும் சொல்லவில்லை. தளர்வாக இருக்கிறது என்றே நினைத்தார். குறட்டை எடுத்தார். சர்க்கரை நோய் பாதத்தை மரக்கச் செய்தது வீட்டுக்குத் தெரியும். விரலுக்கும் வந்துவிட்டதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

தையல் இயந்திரம் நின்றது.

“அத்தான், அன்னைக்கு டீ கிளாஸ் கொதிக்கக் கொதிக்க கையில வச்சிருந்தீங்களே. எப்பமிருந்து?”

“எது?”

“வெரலு.”

“கிறிஸ்மஸுக்கு முன்னாலயே.”

“எங்கிட்ட சொல்லல.”

“சொன்னா கடைய மூடச் சொல்லுவ.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

அவர் குறட்டால் நட்டைக் கழற்றினார். ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கிக் கிடந்தது. காற்று கசியாமலிருக்க ரிம்மின் உட்புறம் ஒட்டிய டேப்பையும் கிழித்திருந்தது. பழைய டேப்பை உரித்து, ரிம்மைத் துடைத்து, புதிய டேப்பை இழுத்து ஒட்டினார். அதற்குத் தோளின் பலமும் கண்ணும் போதும். ஊசிமுனையால் துளையிட்டு, புதிய வால்வைச் செருகி, நட்டை மரையில் ஏற்றினார். அங்கே நிறுத்தினார்.

“சுந்தரி, இங்க வா.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது அத்தான்.”

“உன் மிஷின்ல பாபின் ஸ்க்ரூவ எப்படி முடுக்குவ?”

“எங்க நிக்கணும்னு நூலு சொல்லும்.”

“இங்க ரப்பர் சொல்லும்.”

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நட்டைத் திருகினாள். வேகம் குறைந்தது. இன்னும் ஒரு மயிரிழை. நின்றாள்.

“போதுமா?”

“எங்கிட்ட கேக்காத ஏட்டி. எனக்குத் தெரியாது.”

தெரியாது என்ற சொல்லைக் கடையில் வைத்து அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. நட்டை மறுபடி தொட்டுப் பார்த்தாள். “போதும்” என்றாள்.

டயரை மாட்டி, ஓட்டையை அடைக்கும் திரவத்தை ஊற்றிக் காற்றடித்தார்கள். திரவம் வால்வைச் சுற்றித் தேங்கும்படி வால்வைக் கீழ்ப்பக்கம் வைத்துச் சக்கரத்தை நிறுத்தினார். பிறகு மண்டியிட்டு, உதட்டை வால்வருகே கொண்டுபோனார். உதட்டுக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது.

“பாத்துக்கோம்மா, சைக்கிளுக்கு முத்தம் குடுக்காரு. வீட்டுல இதெல்லாம் கெடையாது” என்றாள் ஜெயசுந்தரி.

ஹம்ஸினி சிரித்துவிட்டாள். ஜோசியா சிரிக்கவில்லை, உதட்டை எடுக்கவும் இல்லை. ஒரு மூச்சும் வரவில்லை.

சக்கரம் அன்று கடையிலேயே இருந்தது. மறுநாள் ஹம்ஸினி வந்து டயரை அழுத்தினாள். கல்லாக இருந்தது.

“நட்டைக் கழட்டிப் பாரு” என்றார் ஜோசியா.

இரண்டு விரலில் கழன்றது. அவள் நட்டை அவரிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டாமல் விலகி வழிவிட்டார்.

“ஆன்ட்டிகிட்ட குடு. இனிமே இந்தக் கடையில நட்டு முடுக்குறது அவதான். என் வெரலு போயிட்டு. வாரவங்க எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்.”

மறுபாதியில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. ஜெயசுந்தரி எழுந்து வந்து நட்டுக்குக் கையை நீட்டினாள்.