ஓய்வுநாளில் பூட்டிய வண்டி

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று எங்கள் வீட்டில் மாடு பூட்டமாட்டோம். மூக்கண்டப்பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம் அது. அப்படியொரு ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்துக் காட்டில் பயிர் செய்யும் முனியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணா, என் பொண்டாட்டி எல்லம்மா விடியலிலிருந்து பிரசவ வலியில துடிக்கிறா. மருத்துவச்சி கைவிரிச்சுட்டா. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுங்கண்ணா!"

"இன்னிக்குப் பூட்டறதில்லையேப்பா. நான் ஜெபம் பண்றேன்" என்று அங்கேயே முழங்காலிட்டேன். கண்ணை மூடியதும் மாட்டு மணிச் சத்தம். திறந்து பார்த்தால், என் மனைவி எஸ்தர் மாடுகளை நுகத்தில் பூட்டிக்கொண்டிருக்கிறாள்!

"ஜெபத்தை வண்டியில உக்காந்து பண்ணுங்க. மாடு அதுவா ஆஸ்பத்திரிக்குப் போகாது" என்றாள்.

வெட்கத்தோடு ஏறினேன். முனியப்பன் வீட்டு வாசலில் ஏற்றிய எல்லம்மாவை எஸ்தர் மடியில் சாய்த்துக்கொள்ள, உரக்க ஜெபித்தபடியே வண்டியை விரட்டினேன். எல்லம்மாவை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனதும் வாசலில் மறுபடி முழங்காலிட்டேன். 'ஆமென்' சொல்வதற்குள் குழந்தை வீறிட்டது!

"கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்றார் நர்ஸம்மா.

இப்போதும் ஞாயிறு மாடுகளுக்கு ஓய்வுதான். ஆனால் யாராவது ஓடிவந்து நின்றால் முதலில் வண்டியைப் பூட்டிவிடுகிறேன். ஜெபம் வழியில்தான், கண்ணைத் திறந்துகொண்டு.