பட்டப்பகலில் எரிந்த கார் விளக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, ஊரே கூடி நின்ற இடத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பகிடி விட்டேன். நன்றாக எடுபட்டது. சிரித்துக் கைகூடத் தட்டினார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யுத்த நிறுத்தம் வந்த பிறகு எங்கள் திருகோணமலைக்கு யார் யாரோ வருகிறார்கள். கோயில் பார்க்க வருகிறார்கள், கன்னியா வெந்நீரில் குளிக்க வருகிறார்கள், நாங்கள் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்று பார்க்கவும் வருகிறார்கள். இந்தமுறை வந்தவர்கள் கார்களோடு வந்தார்கள். அதுவும் பழைய கார்கள்! லொறியில் ஏற்றி, துணியால் போர்த்து, மாப்பிள்ளை அழைப்புப் போலக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொழும்பில் பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு ஓர் ஆசையாம்... உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்தபடி, ஒரு நாள் முழுக்க ஓட்டப்போட்டி வைத்தால் என்ன?

வைத்தார்கள்.

கார்ப் பந்தயம் என்ற ஒன்றை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளிலேயே இரண்டு தரம் வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தவன். பிறகு ஏன் என்னைக் கூப்பிட்டார்கள்? தமிழிலும் இங்கிலீசிலும் அறிவிப்புச் செய்ய ஓர் ஆள் வேண்டுமாம். வாத்தியார், பத்திரிகையில் எழுதுகிறவன், வாயும் கொஞ்சம் நீளம்... போதாதா? பந்தலுக்குள் விருந்தினர்களோடு கதிரை போட்டு உட்கார வைத்து, கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டார்கள். அந்த அட்டையை நான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. கூரையில்லாத சிவப்புக் கார் ஒன்று உறுமிக்கொண்டு போனபோது கதிரையை விட்டு எழும்பியேவிட்டேன். இந்த வீதியில் ஒரு வாகனம் வேகமாக வந்தால் மதிலோரம் ஒதுங்கிப் பழகிய சனம் நாங்கள். அன்றைக்கு வேகத்தைப் பார்த்துக் கை தட்டினோம். சின்ன விஷயமா அது?

மத்தியானத்துக்குப் பிறகு ஊர்க் கார்களுக்கென்று ஓர் ஓட்டம் வைத்திருந்தார்கள். அதில் பேரின்பம் அண்ணையைச் சேர்த்துவிட்டது நான்தான்.

பேரின்பம் அண்ணை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஒஸ்ரின் ஏ-40. கொழும்புக்காரர்கள் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் அதே வயதுக் கார்தான். வித்தியாசம் என்னவென்றால், இது இன்னமும் உழைத்துச் சாப்பிடுகிறது.

நான் போய்க் கேட்டபோது அவர் முதலில் மாட்டேன் என்றார்.

"உதெல்லாம் எனக்கெதுக்கு மாஸ்டர்? அவை பொழுதுபோக்குக்கு ஓடுறவை."

"அண்ணை, ரோட்டு முழுக்க அடைச்சு விட்டிருக்கு. செக்கிங் எண்டு ஒருத்தரும் மறிக்க மாட்டினம்."

அந்தச் சொல்லில் அவர் முகம் மாறிவிட்டது. "மறிக்க மாட்டினமோ?" என்று திருப்பிக் கேட்டார். "பதினெட்டு வருசமா ஓடுறன் மாஸ்டர். ஒரு கட்டை தூரம் நிப்பாட்டாம ஓடினதாக ஞாபகமில்லை. ஒருக்கா ஓடிப் பாக்கத்தான் ஆசை."

ஒரு மைல் தூரம் நிறுத்தாமல் ஓடவேண்டும்... மனிதனுடைய ஆசை அவ்வளவுதான். வென்றால் என்ன தருவார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

ஓட்டம் தொடங்கியது. மூன்று கார்கள். வீதியின் அந்த முனைவரை போய்த் திரும்பி வரவேண்டும். திரும்பி வரும்போது பார்த்தால், முன்னுக்கு வருவது எங்கள் ஏ-40! எனக்குத் தலைகால் தெரியவில்லை. மைக்கில் தொண்டை கிழியக் கத்தினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற சனமும் கத்தியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பேரின்பம் அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். அவருக்கு இத்தனை பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துச் சனம் கயிற்றைத் தள்ளியது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர் ஒருவர், சனத்தைப் பின்னுக்குப் போகச் சொல்லிக் கையைத் தூக்கினார். காரை மறிக்கவில்லை. காரை அவர் பார்க்கவே இல்லை.

ஆனால் சீருடை. தூக்கிய கை.

ஏ-40 நின்றது. கோட்டுக்கு இருபது யார் தூரம் இருக்கும்போது, சரியாக, ஆடாமல் அசையாமல் நின்றது. எஞ்சின் அணைந்தது. காருக்குள் விளக்கு எரிந்தது. வெயில் கொளுத்தும் மூன்று மணிக்கு உள்விளக்கு! பேரின்பம் அண்ணை இறங்கினார். சேட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். பின்னால் போய் டிக்கியைத் திறந்துவிட்டு, இரண்டு கையும் தெரிகிற மாதிரி ஓரமாக நின்றார். டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லும் ஒரு தண்ணீர்க் கலனும் கிடந்தன.

மற்ற இரண்டு கார்களும் அவரைத் தாண்டிக் கோட்டைக் கடந்து போயின.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். ஆகக் குறைந்தது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

என் கையில் மைக் இருந்தது.

"பேரின்பம் அண்ணை... செக்கிங் முடிஞ்சுது, நீங்கள் போகலாம்!"

பந்தலுக்குள் விருந்தினர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கவில்லை. பாவம், விட்டுவிடலாமா? இங்கிலீசிலும் சொன்னேன். 'எங்கள் ஊர் ஓட்டுநர்களுக்கு முடிவுக் கோடும் சோதனைச் சாவடிதான்' என்று கொஞ்சம் மெருகும் போட்டேன். பந்தல் குலுங்கியது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. கவனித்தேன். கவனித்துக்கொண்டே இங்கிலீசில் சொன்னேன்.

பேரின்பம் அண்ணை டிக்கியை மூடினார். அடையாள அட்டையைப் பைக்குள் வைத்தார். உள்விளக்கை அணைத்துவிட்டு மெதுவாகக் கோட்டைக் கடந்தார். பங்குபற்றிய எல்லாருக்கும் பந்தலில் மாலை போடுவதாக ஏற்பாடு. அன்றைக்கு அவர் நிறுத்தாமல் போன ஒரே இடம் எங்கள் பந்தல்தான்.

வீட்டுக்குப் போனேன். மனைவி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே விளங்கிவிட்டது, அவளும் மகளும் சனத்துக்குள் நின்றிருக்கிறார்கள் என்று.

"இறக்கக்கண்டியில இருந்து என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வந்தது ஆர்?" என்றாள்.

நான் கோப்பையை எடுத்தேன். அவள் விடவில்லை.

"எத்தினை இடத்தில இறங்கி நிண்டவர் எண்டு உங்களுக்கு மறந்து போச்சோ?"

மறக்கவில்லை. அப்போது நான் இறக்கக்கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஊரடங்கு. அவளுக்குப் பிள்ளைப்பேற்று வலி எடுத்துவிட்டது. எந்த வாகனமும் வர மறுத்த பின்னேரத்தில் வந்தது இந்த ஏ-40தான். பின்சீட்டில் அவள் கத்துகிறாள். நான் பக்கத்தில் இருந்துகொண்டு "கெதியா ஓடுங்கோ, கெதியா ஓடுங்கோ" என்று அரற்றுகிறேன். பேரின்பம் அண்ணை அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு சோதனைத் தடையிலும் இருபது யார் தூரம் தள்ளி நிறுத்தினார். உள்ளே இருப்பது யாரென்று தெரிய உள்விளக்கைப் போட்டார், இறங்கினார், டிக்கியைத் திறந்தார், கை தெரிய நின்றார். காவலுக்கு நின்ற படையினர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஐந்து இடத்தில் அப்படி.

அந்த நாட்களில் நல்ல டிரைவர் என்றால் வேகமாக ஓடுகிறவர் என்றா நினைத்தோம்? சரியாக நிறுத்தத் தெரிந்தவரைத்தானே தேடிப் பிடித்தோம்? அவசரத்தில் நிறுத்தாமல் போனவர்களின் கதை எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சரியாக நின்றதால்தான் எனக்கு மனைவியும் இருக்கிறாள், மகளும் இருக்கிறாள்.

அந்த நிற்றலைத்தான் நான் பகிடியாக்கி விற்றேன். வெட்கம்கெட்டவன்.

இரண்டு நாள் கழித்துப் பஸ் நிலையத்தடிக்குப் போனேன். பேரின்பம் அண்ணை கார்க் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல நினைத்து வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"அண்ணை, அண்டைக்கு நான் செய்தது பிழை. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"சீச்சீ, என்ன மாஸ்டர் இது... நானும் மடையன்தானே. கையைக் கண்டவுடன கால் தன்ரபாட்டில பிறேக்கில போட்டுது." சிரித்தார். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் தமிழில சொன்னதை நான் ஒண்டும் நினைக்கேல்ல. அது எங்கட ஆக்களுக்குள்ள ஒரு பகிடி. ஆனா, இங்கிலீசில ஏன் மாஸ்டர் திருப்பிச் சொன்னனீங்கள்?"

இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பிழைக்கிறவன் நான். ஒரு கேள்விக்கு முன்னால் அப்படி நின்றது அன்றைக்குத்தான். கழுத்தில் அட்டை தொங்கியதால் சொன்னேன் அண்ணை, பந்தலுக்குள் இருந்தவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன் அண்ணை... இதுதான் பதில். அதை அங்கே சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அவர் துணியை உதறித் தோளில் போட்டார். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார்.

"சரி, வெயிலுக்க நிக்காம ஏறுங்கோ. வீட்டடியில விடுறன்."

ஏறினேன். அதே பின்சீட்.

பகிடியை ஒலிபெருக்கியில் சொன்னவன் மன்னிப்பைக் காதுக்குள் கேட்டால் கணக்குச் சரிவராது. ஒலிபெருக்கியை அன்றைக்கே கழற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கென்று இருப்பது வாரத்துக்கு ஒருதரம் பத்திரிகையில் இந்த இடம் மட்டும்தான். இங்கிலீசில் நான் சிரிக்க வைத்தவர்களுக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும்.

பேரின்பம் அண்ணைக்குப் பேப்பர் வாசிக்கிற பழக்கம் இல்லை. அவருடைய காரில் ஏறுகிறவர்கள் யாராவது இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதற்காகக் காரை நிறுத்தச் சொல்ல வேண்டாம்... எங்கள் வீதிகளில் அது எப்படியும் நிற்கும்.