வாளித் தண்ணீர்

அந்த விடுதி அறையின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரத்துணி, புளித்த சாம்பார், அதற்கும் மேலே ஏதோ அழுகிய வாடை.

மகளைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, வளைவு வளைவாக மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கி, டவுனுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நுழைவுத் தேர்வுக்காக அவளே ஆசைப்பட்டுச் சேர்ந்த பயிற்சி மையம் அது.

மேசைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் வாளிகள் இருந்தன. கலங்கிய தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம், மிதக்கும் முடி.

"துணி ஊற வெச்சிருக்கீங்களா கண்ணு?"

"இல்லம்மா. ராத்திரி தூக்கம் வராம இருக்க, அதுல காலை வெச்சுக்கிட்டுத்தான் படிக்கோணும். ரெண்டு பேருக்கு ஒரு வாளி."

செருப்பைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே குனிந்து கழற்றினேன். பாதம் பிணத்தின் கால் போல வெளுத்திருந்தது. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மழைக்காலம் முழுக்கச் சேற்று வயலில் நிற்கும் எனக்கே அப்படி வந்ததில்லை.

எங்கள் பலாமரத்தில் ஏறிக் கல்லைக் கீழே போட்டு, அது விழும் வேகத்தைப் பத்தாவதோடு நின்ற எனக்குச் சளைக்காமல் விளக்கியவள் அவள். அன்று தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "எதுவுமே மண்டைல ஏற மாட்டேங்குதும்மா. புக்கத் தொறந்தாலே வாந்தி வருது."

மையத்துக்காரரிடம் போனேன். வடை தின்றுகொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சிரித்தார்.

"கால்ல புண்ணுன்னு வந்தீங்களாக்கும்? வாந்தி எடுக்கற அளவுக்குப் படிக்கறதுங்கதானுங்க மேல வருது. நீங்க மலைக்காரங்க. உங்களுக்கெல்லாம் ஒடம்பு கல்லுங்களே!"

சொல்லிவிட்டு, யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாளை இழுத்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

வெளியாட்களிடம் எனக்குப் பேச்சு வராது. ரேஷன் கடையில்கூடக் கடைசி ஆளாகத்தான் நிற்பேன். அன்று நேரே திரும்பிப் போய் மகளின் துணிகளைப் பையில் திணித்தேன்.

"பரிச்சை வருதும்மா," என்று அழுதாள்.

"வரட்டும். ஊட்டுல படி."

ஊரில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "என்னுங்க, பெரிய படிப்புன்னு போன புள்ள, லீவு உட்டாச்சுங்களா?" மகளை உள்ளே கூட்டிப் போனேன்.

மிளகு பறிக்கும் பருவம் அது. பறித்த கொத்துகளைக் குவித்துக் காலால் மிதித்துத்தான் மணியை உதிர்ப்போம். புண்ணில் மிளகுச் சாறு பட்டால் உயிர் போகும். ஆறும்வரை அவளை அந்தப் பக்கமே விடவில்லை. தூங்கினாள். சாப்பிட்டாள். காலையில் மட்டும் கொஞ்சம் படித்தாள். கால் ஆறியதும், சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டுக் குவியலில் ஏறினாள். காலையில் படித்ததை மிதித்துக்கொண்டே சத்தமாகச் சொல்வாள். எங்கே தடுக்குகிறதோ அதை மறுநாள் படிப்பாள். மிளகு தீர்ந்தால் பாடமும் தீர்ந்தது. அதற்குமேல் புத்தகத்தைத் தொடவிட மாட்டேன்.

ஒருநாள் சறுக்கி, குவியலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "உராய்வு பத்தலம்மா!" அவள் சிரித்துக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

தேர்வு எழுதி வெளியே வந்ததும், "ரெண்டு மூணு தெரியல. பசிக்குதும்மா," என்றாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கல்லூரியில் இடம் கிடைத்தது. எப்படித்தான் தெரிந்ததோ, மையத்துக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, நம்ம புள்ள போட்டோ ஒண்ணு அனுப்புங்க. பேனர்ல பெருசாப் போட்டுடலாம்."

நம்ம புள்ளையாம். அந்த வாடை மறுபடி மூக்கில் ஏறியது.

"அந்த வாளியப் போட்டோ புடிச்சுப் போட்டுக்குங்க," என்றேன்.