தம்புள்ளை வெயிலுக்குக் கூட்டிய நிறம்

பிள்ளைங்களா, அம்மா போன வருஷம் வெளிநாட்டிலிருந்து ஏன் வரவில்லை என்று நான் உங்களுக்குச் சொன்ன காரணம் சரியில்லை. நேரே உட்கார்ந்து சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் படிப்பை நிறுத்தினவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்தளை டவுனில் பெயர்ப் போர்ட் அடிக்கிற கடையில் நான் செய்வது நாட்கூலி வேலை. மழைக் காலத்தில் பாதி நாள் சும்மாதான் இருப்போம். அம்மாவுக்கு அங்கே வீட்டு வேலை ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. எனக்கு மாதச் சம்பளத்தில் நிரந்தரமாக ஒரு வேலை அமைந்தால் வந்துவிடுவதாகவும், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஒரு மென்பொருள் கம்பனி எங்கள் கடைக்கு வந்தது. மரக்கறிக் கடைகளில் பில் போடுவதற்கும் அன்றைய விலை பார்ப்பதற்கும் போனில் வேலை செய்கிற ஒன்றைச் செய்திருந்தார்கள். தம்புள்ளையில் ஆபீஸ் திறக்கப் போகிறார்கள். கடைகளுக்குப் போர்ட், லொறிக்கு ஸ்டிக்கர், டீசேர்ட், கார்ட் எல்லாம் எங்களிடம். பொறுப்பாக இருந்தது ஒரு மிஸ். நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான், படித்து மேலே வந்தவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஒரு புத்தகம் கொடுத்தார். கம்பனியின் முகம் எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கான சட்டப் புத்தகம். சின்னத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்று எழுத்தும் எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எதையும் இழுக்கக் கூடாது, நிழல் போடக் கூடாது என்று பக்கம் பக்கமாக இருந்தது. நிறம் ஒன்றே ஒன்று. தெம்பிலி இளநீர்க் காயின் செம்மஞ்சள் நிறம். அதற்கு நம்பர் கொடுத்திருந்தார்கள்.

கடைக்கு ரத்தோட்டை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். விளங்காததை மிஸ்ஸிடம் கேட்டேன். அவருக்கு அது பிடித்துப் போயிற்று. இதையெல்லாம் ஒரே மாதிரி பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் கம்பனியில் நிரந்தரமாக எடுக்கப் போகிறோம், இ.பி.எஃப். எல்லாம் உண்டு, திறப்பு விழா வேலையைப் பார்த்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்கிறேன் என்றார். அம்மாவிடம் சொன்னேன். அவள் உங்கள் சப்பாத்து அளவைக் கேட்டாள், வரும்போது வாங்கி வர.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தம்புள்ளைப் பக்கம் போகிற போர்ட் என்றால் நிறத்தைக் கொஞ்சம் கூட்டி அடிப்போம். அந்த வெயிலில் சிவப்பும் மஞ்சளும் ஆறு மாதத்தில் இறங்கிவிடும். கூட்டி அடித்தால் இறங்கி வந்து சரியான இடத்தில் நிற்கும். கடை முதலாளி, நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர் அதை வெயிலுக்கு விடுகிறது என்பார். எந்த வாடிக்கையாளரிடமும் அதைக் கேட்டுச் செய்வதில்லை. அது நாங்கள் சும்மா செய்து கொடுக்கும் நல்லது.

புத்தகத்தில் இதற்கும் ஒரு பக்கம் இருந்தது. வெளியில் வைக்கும் போர்டுக்கும் அதே நம்பர்தான், மங்கினால் மாற்ற வேண்டும், கூட்டக் கூடாது என்று. படித்தேன். கொழும்பில் ஏசி அறையில் இருந்து எழுதினவருக்குத் தம்புள்ளை வெயில் எங்கே தெரியும் என்று நினைத்தேன். மிஸ்ஸிடம் எல்லாம் கேட்டவன், இதை மட்டும் கேட்கவில்லை. பன்னிரண்டு போர்டையும் வெயிலுக்கு விட்டு அடித்தேன். டீசேர்ட்டும் கார்டும் நிழலில் இருப்பவை என்பதால் அவற்றை நம்பர்படி செய்தேன்.

திறப்பு விழா அன்று காலையில் புது ஆபீஸ் முன்னால் தெம்பிலி நிற டீசேர்ட் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே என் போர்ட். கூரை ஓட்டு நிறத்தில் இருந்தது. பக்கத்துக் கடைகளில் மாட்டினதும் அப்படியே. வெங்காய வியாபாரி ஒருவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, ரெண்டு கம்பனியா, கூட்டுக் கம்பனியா என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. கார்ட் ஒன்றை எடுத்துப் போர்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் போய் வெயில் கதையைச் சொன்னேன். ஆறு மாதத்தில் அச்சாக உங்கள் நிறத்துக்கு வந்துவிடும் என்றேன்.

"அப்ப இந்த ஆறு மாசமும் நாங்க யாருண்ணே?" என்று கேட்டார்.

விழா நடந்தது. பாற்சோறு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். ருசி ஞாபகம் இல்லை.

சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். போர்டெல்லாம் திரும்ப அடித்துக் கொடுங்கள் என்றார். வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"உங்க கை நல்ல கைண்ணே. ஆனா இந்த வேலைக்கு, நம்பரப் பாத்தா நம்பரோட நிக்கிற ஆள் வேணும். நீங்க எங்களுக்கு நல்லது செய்யப் பாத்தீங்க. நாளைக்கும் செய்வீங்க."

சரிங்க மிஸ் என்று சொன்னேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. மாத்தளை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வழியில் நாவுலையில் ஒரு கடை வாசலில் நான் அடித்த போர்ட் தெரிந்தது. நன்றாகத்தான் நேராக மாட்டியிருந்தார்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கை கால் யாருடையதோ மாதிரி இருந்தது. டவுனில் இறங்கி, நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கேட்ட கொப்பியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா அங்கிருந்து போன் எடுத்தாள். நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். நடந்ததைச் சொன்னேன்.

"நம்பர் குடுத்திருந்தாங்களா?" என்றாள்.

"குடுத்திருந்தாங்க."

"பொறகு?"

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, அவள் பார்க்கிற வீட்டுப் பிள்ளை.

"சரி விடுங்க. இங்க பேப்பர் குடுத்து ஒரு வாரமாச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றேன்" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது, அப்போது அதுவும் தோன்றவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்ப் பன்னிரண்டையும் நம்பர்படி திரும்ப அடித்தேன். வீணாய்ப் போன அந்த ஃபிளெக்ஸுக்கு நானா என்னிடம் காசு ஒன்றும் கேட்கவில்லை.

உங்களிடம் நான் சொன்னது வேறு. அந்த வீட்டுப் பிள்ளை அம்மாவை விடமாட்டேன் என்கிறது, அதனால்தான் நின்றுவிட்டாள் என்றேன். மூத்தவள் நீ, அப்ப அதுதான் அவங்களுக்குப் பிள்ளை என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அதிலிருந்து நீ போனுக்கு வருவதில்லை. உன்னைப் பார்த்துத் தம்பியும் வருவதில்லை. குளிக்கிறாங்க, படிக்கிறாங்க என்று நான் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் நம்புகிற மாதிரி சரி சரி என்கிறாள்.

அவள் வரத்தான் இருந்தாள். வராமல் போனது என்னால். கோபப்பட வேண்டுமென்றால் என்னிடம் கோபப்படுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன். அவளுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம்தான் கிடைக்கும். இந்த வாரம் போனை நான் எடுக்க மாட்டேன். மேசையிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன். நீங்கள் எடுங்கள்.