மூட்டை மேலே போனது, தூளி கீழே வந்தது

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் கொல்லிமலையில், பைல் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ரோடு கிடையாது. உப்பு வேண்டுமானாலும் ஊசி வேண்டுமானாலும் நடந்து இறங்கி நடந்தே ஏற வேண்டும். சேலத்தில் தெருமுனைக் கடைக்கே சைக்கிளில் போய்ப் பழகியவன் நான். ஒரு தடவை இறங்கி ஏறினால் இரண்டு நாள் காலைப் பிடித்துக்கொண்டு புலம்புவேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளுக்கு அது ஒன்பதாம் மாதம். தாய் இல்லாத பெண் என்பதால், பொங்கலுக்கு என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்றிருந்தோம். அதற்குள் ஒருநாள் விடிகிற நேரத்தில் வலி எடுத்துவிட்டது. ஊரில் பிரசவம் பார்க்கும் அம்மா வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வாத்தியாரே, புள்ள குறுக்கே கெடக்குதுங்க. இங்க வெச்சுப் பாக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் போய் யாரையும் கூப்பிட்ட ஞாபகம் இல்லை. ஆனால் நான்கு பேர் மூங்கிலோடு வாசலில் நின்றார்கள். கம்பளியின் இரு முனைகளையும் மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, அவளைப் படுக்கவைத்துத் தோளில் ஏற்றினார்கள். இரண்டு பேர் சுமக்க, இரண்டு பேர் கூட நடந்து மாற்றிக்கொண்டார்கள். அந்த அம்மாவும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

மலை முழுக்க மூடுபனி. முன்னால் போகிறவர் முதுகு தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. பாறைகள் நனைந்து வழுக்கின. நான் வெறுங்கையோடு நடந்தே நாலைந்து இடத்தில் விழுந்தேன். அவர்கள் தூளியை ஆடாமல் கொண்டு போனார்கள். முதலில் அவள் முனகிக்கொண்டு வந்தாள். பாதி மலை இறங்கியபோது முனகல் நின்றுவிட்டது. அதைவிட அந்த முனகலே தேவலை என்று இருந்தது எனக்கு. தூக்கியவர்களின் முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

"நான் தூக்குகிறேன்" என்று மூங்கிலைப் பிடித்தேன்.

"வேண்டாமுங்க. நீங்க உசரம். நீங்க புடிச்சா அம்மிணி ஒரு பக்கமாச் சரிஞ்சு போயிரும்" என்றார் பின்னால் இருந்தவர். சொல்லிவிட்டுப் பனிக்குள் பார்த்து "ஊ..." என்று நீளமாகக் கூவினார். கீழேயிருந்து பதிலுக்கு ஒரு கூவல் வந்தது.

முந்தின நாள் சேந்தமங்கலம் சந்தைக்குப் போய்விட்டு மூட்டைகளோடு ஏறிவந்த ஆட்கள் அவர்கள். மலையிலேயே வேறு நாட்டைச் சேர்ந்த ஊர்க்காரர்கள். உப்பும் கருவாடும் துணியுமாகத் தலையில் கனத்த சுமை. எங்கள் ஆள் "அம்மிணிக்கு வலி" என்று மட்டும் சொன்னார். யார், எந்த வீடு, என்ன உறவு, ஒரு கேள்வி இல்லை. மூட்டைகளை இறக்கிவைத்து, தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். எங்களோடு வந்த நான்கு பேரும் அந்த மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே மேலே திரும்பினார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறீர்களே!" என்று கத்தினேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "கத்தாதீங்க சாமி. இவங்க மூட்டைய அவங்க கொண்டுபோய் ஊடு சேத்தோணுமில்லீங்களா? அவங்க தோளு ஓஞ்சு போச்சு. மூட்டை வுழுந்தா எடுத்துக்கலாம். அம்மிணி வுழுந்தா எடுக்க முடியுமுங்களா?"

அந்த நடுங்கும் கால்களோடு இன்னொருவர் உப்பைச் சுமந்து மறுபடி மலையேறப் போகிறார்கள்! திரும்பிப் பார்ப்பதற்குள் பனி அவர்களை மூடிவிட்டது.

அதற்குப் பிறகு இதே மாதிரி கூவல், இதே மாதிரி மாற்றம். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போக ஏறிவந்தவர்கள் எல்லாம் மறுபேச்சில்லாமல் கீழ்நோக்கித் திரும்பினார்கள். ஒருவர் நடந்துகொண்டே தூளியைப் பார்த்து, "கண்ணு, தூங்கிராத. நேத்து என்ன சோறு ஆக்குன, சொல்லு" என்றார்.

மறுபடியும் கேட்டார். பிறகு தூளிக்குள்ளிருந்து மெல்ல வந்தது குரல். "சாமைச் சோறு... உப்புத்தான் கூடிப்போச்சு."

"வாத்தியாரு என்ன சொன்னாரு?"

"திட்டுனாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. அவள் பேசிவிட்டாள், அது போதும்.

காரவள்ளியில் இறங்கியபோது வெயில் அடித்தது. சுமை இறக்கிவிட்டு நின்றிருந்த லாரியில் அவளை ஏற்றினார்கள். எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டவர்களில் அந்த அம்மாவைத் தவிர ஒருவரும் இல்லை. தூளியைக் கடைசியாக இறக்கிவைத்தவரிடம், "உங்கள் மூட்டை என்னவாகும்?" என்று கேட்டேன்.

"இந்நேரம் ஊட்டுக்குப் போயிருக்குமுங்க" என்றார் சாதாரணமாக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார். பெயரைக் கேட்க வாயெடுப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டர். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

மலைக்குத் திரும்பியதும், வழியில் தோள் மாற்றியவர்களைத் தேடி ஊர் ஊராகப் போய் விசாரித்தேன். "அன்றைக்குத் தூக்கியது நீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி யோசித்தார்கள். "நானாவும் இருக்கலாமுங்க. எத்தனையோ பேரத் தூக்கியிருக்கறமுங்க" என்றார்கள். யாரும் தான்தான் என்று சொல்லவில்லை. சொல்லக் கூச்சப்பட்டதாகவும் தெரியவில்லை. நிஜமாகவே அவர்களுக்கு அது நினைவில் வைக்கிற விஷயமாக இல்லை.

இப்போது நாமக்கல்லில் இருக்கிறோம். பஸ்ஸில் மலையிலிருந்து வந்தவர்கள் நிற்பதைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுத்துவிடுவேன். ஒருநாள் ஓர் இளவட்டத்துக்கு அப்படி எழுந்தபோது, "அந்தப் பையன் அப்பப் பொறந்தே இருக்க மாட்டான்" என்று மனைவி காதோடு கிண்டல் செய்தாள். "அவன் அப்பா இருந்திருப்பாரே" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். யாரென்று தெரிந்திருந்தால் நாலு பேருக்கு நன்றி சொல்லிவிட்டு மறந்திருப்பேனோ என்னவோ, தெரியாமல் போனதால்தான் அந்த மலையின் ஒவ்வொரு முகத்தையும் இன்றைக்கும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.